மானேறி வந்த வேட்டைக்காரி... தெரியுமா?

நாசா நிலவுக்கு மனிதர்களை அனுப்பும் புதிய திட்டத்தின் பெயர் ஆர்ட்டெமிஸ். யார் இந்த ஆர்ட்டெமிஸ், தெரியுமா? கிரேக்கர்களின் வேட்டைத் தெய்வம்! அப்பல்லோவின் இரட்டைப் பிறப்பு! கையில் வில், பக்கத்தில் மான், நெற்றியில் பிறை. அவளுடைய தேரை இழுத்ததே பொற்கொம்பு மான்கள்தான் என்கிறது கிரேக்கப் புராணம்.

வில், மான், பிறை... இந்த மூன்றும் சேர்ந்த ஒருத்தி நம்மிடமும் இருக்கிறாள். கொற்றவை!

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாலை நிலத்து வேட்டுவரான எயினர் தங்கள் குடியில் பிறந்த ஒரு குமரிப் பெண்ணைக் கொற்றவையாகவே அலங்கரிக்கிறார்கள். எப்படி, தெரியுமா? கொல்லையை அழித்த காட்டுப்பன்றியின் வளைந்த வெள்ளைக் கொம்பைப் பிடுங்கி, அதையே பிறை நிலவாகத் தலையில் சூட்டுகிறார்கள்! புலியின் வாயைப் பிளந்து எடுத்த பற்களைக் கோத்துத் தாலி! இடுப்பில் வரியும் புள்ளியுமாக விலங்குத் தோல்! கையில் வில்லைக் கொடுத்து, முறுக்குக் கொம்புக் கலைமான் மேல் ஏற்றிவிடுகிறார்கள். இத்தனையும் வேட்டையில் கிடைத்தவை, கடையில் வாங்கிய நகை ஒன்றுகூட இல்லை!

இன்னொரு வியப்பு. ஏதென்ஸ் அருகே பிராரோன் என்ற ஊரில் சின்னஞ்சிறு பெண்பிள்ளைகள் ஆர்ட்டெமிஸுக்காகக் கரடி வேடம் ஏற்றார்கள். அங்கே பிள்ளைகள் கரடி ஆனார்கள், இங்கே ஒரு பெண் தெய்வமே ஆனாள்!

அந்த வேட்டுவ வரிக் கூத்து நடக்கும்போது அங்கே இருந்தவர்கள் யார், தெரியுமா? மதுரைக்குப் போகும் வழியில் களைத்து உட்கார்ந்திருந்த கண்ணகியும் கோவலனும் அவர்களுக்குத் துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகளும்! எயினர் குடியில் சாமியாடும் பெண்ணான சாலினி கண்ணகியைப் பார்த்து, தமிழ்நாட்டுக்கே தலைவி என்று வாயாரப் புகழ, கண்ணகியோ வெட்கப்பட்டுக் கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். மதுரையை எரிக்கப்போகிறவள் அவள்! இளங்கோ எங்கே கொண்டுபோய் வைத்தார் இந்தக் காட்சியை! எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. ஆர்ட்டெமிஸ் என்றென்றும் கன்னி. நம் கொற்றவையைக் குமரி என்றும் பாடினார்கள், முருகனைப் பெற்ற தாய் என்றும் திருமுருகாற்றுப்படையில் போற்றினார்கள்.

எபேசஸ் நகரில் ஆர்ட்டெமிஸுக்கு இருந்த கோயில் பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. கி.மு. 356-ல் ஹெரோஸ்ட்ராட்டஸ் என்பவன் தன் பெயர் நிலைக்கவேண்டும் என்பதற்காகவே அதைக் கொளுத்தினான்! மறுபடி கட்டினார்கள், அதுவும் அழிந்தது. இன்று அங்கே நிற்பது துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண்.

பின்னாளில் துர்க்கையாக வணங்கப்பட்ட நம்மவளின் கோயிலோ மாமல்லபுரத்தில் அப்படியே இருக்கிறது. கொடிக்கல் மண்டபம் என்று கேட்டுப் போங்கள். வாசலில் துவாரபாலகர்கள் கிடையாது, பெண் காவலர்கள்! அவர்களில் ஒருத்தி கையில் வில். வராக மண்டபத்துத் துர்க்கைச் சிற்பத்தில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான். தஞ்சைப் பக்கம் புள்ளமங்கை பிரம்மபுரீஸ்வரர் கோயில் துர்க்கைக்கும் அதே மான் துணை உண்டு. சிங்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், மானைத் தவறவிடுவார்கள்! பழைய கொற்றவையின் மான்தான் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வேப்பம்பட்டுக்காரர்களே, இது உங்களுக்கு. வேட்டைத் தெய்வங்களைப் பார்த்தாயிற்று; வேட்டையாடிய மனிதனின் மிகப் பழைய தடம் தேடி நீங்கள் மாவட்டத்தைத் தாண்டவே வேண்டாம்! நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி எடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும்கூட அந்த மண்ணில் கிடைத்தன. பக்கத்திலேயே பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் திருவள்ளூர் மூன்றாவது ஸ்டேஷன், அங்கிருந்து பூண்டிக்கு பஸ். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்!