குஞ்ஞப்பனும் குட்டப்பனும்: முதற்படமும் வழிப்படமும்

அங்கதம் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிய சொல் அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அதனை இரண்டாக வகுத்தார். வெளிப்படையாகப் பழித்துரைப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை உள்ளே மறைத்து வைத்து மேலே வேறொன்றைச் சொல்வது பழிகரப்பு அங்கதம். அவரே மரபியலில் நூலினை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். அவ்வாறு பெயர்க்கும்போது அஃது ‘அதர்ப்பட’ அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதர் என்றால் வழி. பெயர்க்கப்படும் மொழிக்கும் மக்களுக்கும் உரிய வழியில் அது நடக்க வேண்டும் என்று கொள்வது பொருந்தும். திரைப்படம் என்ற ஒன்றைத் தொல்காப்பியர் கண்டதில்லை. எனினும் ஒரு மொழியில் வந்த படத்தை மற்றொரு மொழியில் மீண்டும் எடுக்கும் இக்கால வழக்கத்தை அளக்க, இவ்விரு கருத்துகளைவிடக் கூரிய கருவி கிடைப்பது அரிது.

அளந்து பார்ப்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு நவம்பரில் மலையாளத்தில் ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ என்ற படம் வெளிவந்தது. இயக்கியவர் ரதீஷ் பாலகிருஷ்ண பொதுவாள். அதுவே அவருக்கு முதற்படம். அதன் தமிழ் வடிவமாகிய ‘கூகுள் குட்டப்பா’ 2022 மே மாதம் திரைக்கு வந்தது. இயக்கியவர்கள் சபரி, சரவணன் என்னும் இருவர். முன்னணி இயக்குநராக விளங்கிய கே.எஸ். ரவிக்குமார் அதனைத் தயாரித்ததோடு தந்தை வேடத்தையும் ஏற்றார். ‘செவ்வியல்’ என்று சொல்லும் அகவை முதற்படத்துக்கு இன்னும் ஆகவில்லை என்பர் சிலர். ஆயினும் இயந்திர மனிதனை வைத்து நம் வீடுகளையே எள்ளி நகைத்த படங்கள் தென்னகத்தில் மிகச் சில. அவற்றுள் இதற்குத் தனியிடம் உண்டு.

கதை எளியது. வட கேரளத்துப் பையனூரில் பாஸ்கர பொதுவாள் என்னும் முதியவர் வாழ்கிறார். மனைவியை இழந்தவர். பிடிவாதக்காரர். மின் கருவிகளை வீட்டுக்குள் விட மனமில்லாதவர். மகன் சுப்பிரமணியன் பொறியியல் படித்தவன். வெளியூரில் வேலை கிடைத்தாலும், தந்தை விடுவதில்லை. ஒருவாறு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, ரஷ்யாவில் இயங்கும் ஜப்பானிய இயந்திர மனித நிறுவனம் ஒன்றில் அவன் சேர்கிறான். தந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தினால் அவருக்கு எவரும் ஒத்துவருவதில்லை. இறுதியில் அந்நிறுவனத்தின் சோதனை நிலையிலிருந்த குள்ள இயந்திரம் ஒன்றையே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு மகன் திரும்பிப் போகிறான். முதலில் முகஞ்சுளித்த கிழவர், மெல்ல மெல்ல அதனைக் குஞ்ஞப்பன் என அழைத்து, பெற்ற மகனைக் காட்டிலும் மேலாக அதனிடம் ஒட்டிக்கொள்கிறார். அதைத் திருப்பிக் கொண்டுபோக மகன் வரும்போது அவர் விட மறுப்பதுதான் சிக்கல்.

முதியவரும் பராமரிப்பு இயந்திரமும் என்ற கரு உலகுக்குப் புதியதன்று. 2012இல் அமெரிக்காவில் வந்த ‘ரோபோ அண்டு ஃபிராங்க்’ படத்திலும் நினைவு மங்கிவரும் தந்தைக்கு மகன் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து தருகிறான். ஆனால் அந்தத் தந்தை முன்னாள் திருடர். இயந்திரத்துக்கே பூட்டுத் திறக்கக் கற்பிக்கிறார். பொதுவாளோ திருடர் அல்லர். ஊரில் மதிப்புள்ளவர். அங்கதம் பிறக்கும் இடம் இதுவே. நாகரிகமானவர், பாசமுள்ளவர் என்று நாம் நம்பும் ஒரு தந்தையின் பாசத்துக்குள்ளேயே உடைமை உணர்வும் வறட்டுப் பெருமையும் எப்படிக் குடியிருக்கின்றன என்பதைப் படம் பழிகரப்பாகச் சொல்கிறது. மகன் தன் விருப்பப்படி நடந்தால் வாடுகிற மனிதர், சொன்னதை எல்லாம் செய்யும் இயந்திரத்தைக் கண்டு மலர்கிறார். அவர் விரும்பியது மகனையா, பணியாளனையா? படம் இவ்வினாவை வாய்விட்டுக் கேட்பதில்லை. பார்ப்பவர் வீட்டுக்குப் போன பிறகு தாமே கேட்டுக்கொள்கிறார்.

இங்கு ஒரு பெயர் ஒற்றுமை கவனிக்கத்தக்கது. எள்ளப்படும் கதைமாந்தரும் பொதுவாள். எள்ளும் இயக்குநரும் பொதுவாள். கதை நிகழும் பையனூரும் இயக்குநருக்குப் பழக்கமான மண். சாட்டையை முதலில் தம் வீட்டு முற்றத்திலேயே வீசினார் என்பது இதனால் விளங்கும். அங்கதம் எழுதுவோர்க்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. இப்படத்தைக் காட்டி விடை சொல்லலாம். முதியவராக நடித்த சுராஜ் வெஞ்ஞாறமூடு அப்போது நாற்பதுகளில் இருந்தவர். அவ்வாண்டுக்கான கேரள மாநிலச் சிறந்த நடிகர் விருது இப்படத்துக்கும் ‘விக்ருதி’ என்ற வேறொரு படத்துக்குமாக அவருக்குக் கிடைத்தது. இயக்குநர்க்கும் சிறந்த அறிமுக இயக்குநர் விருது கிட்டியது. குஞ்ஞப்பனாக நடமாடியது கணினி வரைகலை அன்று. இயந்திர உடைக்குள் இருந்தவர் சுராஜ் தேலக்காடு என்னும் சிற்றுருவ நடிகர். இந்தச் சிக்கனமும் ஒரு வகையில் படத்துக்கு நன்மை செய்தது. ‘எந்திரன்’ (2010) சிட்டியைப் போல வானளாவிய வீரம் காட்டும் வாய்ப்பு இதற்கு இல்லை. சமைத்து, துவைத்து, கிழவரோடு ஊருக்குள் நடக்கும் வாய்ப்பே இருந்தது. அங்கதத்துக்கு அது போதும்.

இனித் தமிழ் வடிவத்தை நோக்குவோம். கதையின் எலும்புச் சட்டகம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. பையனூர் போய்க் கோவைப் பக்கத்துக் கிராமம் வந்தது; ரஷ்யா போய் ஜெர்மனி வந்தது. தந்தையாக ரவிக்குமார் தம் வழக்கமான மிடுக்கை ஒதுக்கிவிட்டு நடித்திருப்பது பாராட்டத்தக்கது. மகனாகவும் நாயகியாகவும் வந்த தர்ஷன், லாஸ்லியா இருவரும் இலங்கைத் தமிழர். நகைச்சுவைக்கு யோகி பாபு. குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க படம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் முதற்படம் கண்டவர்க்கு ஏதோ ஒன்று குறைகிறது. என்ன அது? பொதுவாள் என்ற மனிதர் ஒரு குறிப்பிட்ட ஊரின், ஒரு குறிப்பிட்ட சமூகப் பெருமையின் விளைச்சல். தமிழில் அவர் ‘கிராமத்துத் தந்தை’ என்னும் பொது வார்ப்பாகிவிட்டார். பொது வார்ப்பை எவரும் எள்ள முடியாது, இரங்கத்தான் முடியும். ஆகவே மூலத்தில் கூர்முனையாக இருந்தவை இங்கே பாசக் காட்சிகளாகவும், தனியே ஒட்டவைத்த நகைச்சுவையாகவும் பிரிந்துபோயின. நகைச்சுவை பிறரைப் பார்த்துச் சிரிக்கச் செய்யும். அங்கதம் சிரித்துக்கொண்டிருப்பவனைத் திடுக்கிட வைக்கும். குட்டப்பன் நம்மைச் சிரிக்க வைத்தான்; திடுக்கிட வைக்கவில்லை. கோவை வட்டாரத்துக்கு உடைமை உணர்வும் சாதிப் பெருமையும் முதியோர் தனிமையும் அந்நியமானவையா என்ன? அவை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. தேடி எடுக்க முனையவில்லை, அவ்வளவே.

மறு ஆக்கம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிடவும் இயலாது. ‘திருஷ்யம்’ (2013) என்ற மலையாளப் படம் ‘பாபநாசம்’ (2015) ஆனபோது இயக்குநர் ஜீத்து ஜோசப்பே அதனைத் தமிழிலும் எடுத்தார். உரையாடலை ஜெயமோகன் எழுதினார். கதைமாந்தர் நெல்லைத் தமிழ் பேசினர். அது வெறும் ஊர்ப்பெயர் மாற்றம் அன்று. தாமிரபரணிக் கரையின் பேச்சும் பழக்கமும் கதைக்குள் இறங்கின. அதர்ப்பட யாத்தல் என்பது ஏறத்தாழ இதுவே. அஃது அங்கதப் படம் அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மர்மக் கதைக்கு ஊர்மாற்றம் எளிது, அங்கதத்துக்குக் கடிது.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்காவில் 1987இல் வந்த ‘ரோபோகாப்’ அறிவியல் புனைவு அங்கதத்துக்கு உலகெங்கும் காட்டப்படும் சான்று. டெட்ராய்ட் நகரக் காவல் துறையையே ஒரு பெருநிறுவனம் நடத்துகிறது. பணியில் சுட்டுக் கொல்லப்பட்ட மர்ஃபி என்னும் காவலரின் உடலை எடுத்து அந்நிறுவனம் இயந்திரக் காவலன் ஆக்குகிறது. இயக்குநர் பால் வெர்ஹோவன் நெதர்லாந்துக்காரர். போர்க்காலத்தில் நாஜி ஆக்கிரமிப்பின்கீழ்ப் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர். கதைக்கு நடுநடுவே போலித் தொலைக்காட்சிச் செய்திகளும் விளம்பரங்களும் வரும். அணுகுண்டுப் போரைக் குடும்ப விளையாட்டாக விற்கும் விளம்பரமும் அவற்றுள் ஒன்று. நிறுவனக் கூட்ட அறையில் ஒரு பெரிய இயந்திரம் கோளாறுற்று அலுவலர் ஒருவரைச் சுட்டுத் தள்ளும்போது, மேலிடத்தின் கவலை செத்தவனைப் பற்றியதாக இராது. திட்டம் தள்ளிப்போவதால் வரும் நட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும். இப்படத்தின் செலவு ஏறத்தாழ 1.3 கோடி டாலர்.

2014இல் பிரேசில் நாட்டு ஜோசே படீல்யா அதனை ஏறத்தாழ 10 கோடி டாலரில் மீண்டும் எடுத்தார். அவர் கைவரிசை அற்றவர் அல்லர். தெஹ்ரான் தெருவில் அமெரிக்க இயந்திரப் படைகள் மக்களைச் சோதனையிடுவதும், அதனை ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளர் அமைதிப் பணி என்று புகழ்வதுமான தொடக்கக் காட்சி கூர்மையானது. ஆனால் அது செம்பொருள் அங்கதம். தொகுப்பாளர் வாய்திறந்த அளவிலேயே நாம் எதனை வெறுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின்னர்ப் படம் மர்ஃபியின் மனைவி, மகன், அவர்கள் கண்ணீர் என்று வீட்டுக்குள் புகுந்துகொள்கிறது. முதற்படத்தில் அவன் குடும்பம் அவன் இறந்தான் என்று எண்ணி ஊரைவிட்டே போயிருக்கும். வெறும் வீட்டில் அவன் நடந்து பார்ப்பான். அந்த வெறுமை சொன்னதைப் பின்னையதன் கண்ணீர் சொல்லவில்லை. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வழிப்படங்கள் ஒரே திசையில் சென்றிருப்பது வியப்பளிக்கிறது. பாசத்துக்குச் சந்தை எங்கும் உண்டு. எள்ளலுக்கு அந்தந்த ஊரில்தான் உண்டு.

‘ரோபோ’ என்ற சொல்லே அங்கதத்தில் பிறந்தது என்பதை ஈண்டு நினைவுகூரலாம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதி 1921இல் பிராகு நகரில் மேடையேறிய நாடகம் வழியே அது உலகுக்கு வந்தது. சொல்லைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் உடன்பிறந்த ஓவியர் ஜோசப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகள் இதனையே ‘வெட்டி’ என்கின்றன. ரோபோவைத் தமிழில் வெட்டியாள் என்று பெயர்த்திருந்தால் நகைப்புக்கு இடமாகியிருக்கும். பொருள் மட்டும் பிசகியிராது.

இவ்வளவும் ஆரணிக்கு என்ன என்று கேட்கலாம். பட்டு நெசவால் பெயர்பெற்ற இவ்வூரினர், கணினியின் மூதாதையைத் தறிக்கு மேலேயே தொங்கவிட்டுப் பழகியவர்கள். பிரான்சின் பட்டு நகரமாகிய லியோனில் 1804ஆம் ஆண்டளவில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் பூவேலையை நடத்தும் கருவியை அமைத்தார். பிழைப்புப் போய்விடும் என்று அவ்வூர் நெசவாளர் அதனை எதிர்த்தனர். அந்த அட்டைகளைக் கண்டே பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்குத் துளை அட்டையை எடுத்துக்கொண்டார். ஆக, இயந்திரத்தை வீட்டுக்குள் விடுவதா என்று பொதுவாள் கொண்ட கலக்கத்தை நெசவாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகவே அறியும். பிள்ளைகள் பொறியியல் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போய்விட, தறிக்குழி ஓரத்தில் தனித்திருக்கும் முதியவர்களையும் இவ்வூர் அறியும்.

எனவே மூன்றாவதாக ஒரு வழிப்படம் ஆரணியில் எடுக்கப்படுமானால், அதன் கூர்முனையை வெளியூரில் தேட வேண்டியதில்லை. கைத்தறிக்கு ஒதுக்கிய துணி வகைகளைக் காக்க 1985இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. தொடக்கத்தில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்பது அச்சட்டம் தரும் விளக்கம். இப்போது கதையை ஓட்டிப் பாருங்கள். வெளிநாட்டு மகன் அனுப்பிய குட்டப்பன் கிழவரோடு பழகிப் பழகித் தறிக்குழியில் இறங்குகிறான். கால்மிதியை மிதிக்கிறான், கையால் நாடாவைத் தள்ளுகிறான். பாவில் ஓர் இழை அறுந்தால் கிழவரைவிட விரைவாக முடிச்சிடுகிறான். தறியோ பழைய மரத்தறி. அதில் மின்கம்பி இல்லை. சேலை கடைக்குப் போகிறது. கூலி கொடுக்கும் முதலாளிக்குப் பெருமகிழ்ச்சி: இவன் முன்பணம் கேட்கமாட்டான், பண்டிகைக்குப் போனஸ் கேட்கமாட்டான். சங்கத்தில் அவனை உறுப்பினராகச் சேர்ப்பதா என்று கூட்டம் கூடுகிறது. அவன் எந்தத் தெருக்காரன், எந்த வகையறா என்று ஒருவர் கேட்கிறார். மற்றொருவர், தந்தை நெசவாளர் என்றால் பிள்ளையும் நெசவாளர்தானே என்கிறார். ஆய்வுக்கு வந்த அலுவலர் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையால் நெய்தது என்று முத்திரை இடுவதற்கு முன்னர், குட்டப்பனின் கையைப் பிடித்துப் பார்க்கிறார்.