முன்னால் சென்றவர்
மேஜர் முகுந்த் வரதராஜனின் வரலாற்றை வகுப்பறையில் எப்படிச் சொல்வது?

தேர்தல் பணி ஆசிரியர்களாகிய நமக்குப் புதிதல்ல. வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கையெழுத்திட்டு வாங்குவது, முன் தெரியாத ஒரு பள்ளியில் இரவு தங்குவது, விடியுமுன் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவது, எல்லாம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புவது என இவை நம்மில் பலருக்கும் பழகியவை. 2014 ஏப்ரல் 24 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. குன்றத்தூரை ஒட்டிய பகுதிகளும் தாம்பரமும் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொகுதியிலும் அன்றுதான் மக்கள் வாக்களித்தார்கள்.

அதே நாளில் காஷ்மீரின் அனந்தநாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு. அங்கே சோபியான் மாவட்டத்தில், பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தேர்தல் குழு ஒன்றைத் தீவிரவாதிகள் சுட்டனர். தேர்தல் அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமடைந்தனர். மறுநாள் அதே மாவட்டத்தில் தீவிரவாதிகளை எதிர்கொண்டு உயிர் துறந்தவர் மேஜர் முகுந்த் வரதராஜன். அவர் தாம்பரத்துக்காரர். தேர்தல் குழுவைத் தாக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர்களே அவர் எதிர்கொண்டவர்கள் என்று அன்றைய செய்திகள் கூறின. வாக்குச்சாவடியில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் இந்த வரலாற்றோடு ஓர் உறவு உண்டு.

இன்று நம் மாணவர்களில் பெரும்பாலோர் முகுந்தின் பெயரை அறிவார்கள். 2024 தீபாவளிக்கு வெளியான 'அமரன்' திரைப்படமே அதற்குக் காரணம். பெயர் தெரிந்துவிட்டதால் பாடம் முடிந்துவிட்டது என்று நாம் விட்டுவிட முடியாது. திரையில் பார்த்ததையும் உண்மையில் நடந்ததையும் பிரித்தறியவும், வீரம் என்பது எது என்று சிந்திக்கவும் மாணவருக்கு ஆசிரியரின் துணை வேண்டும்.

ஏனாத்தூர், தாம்பரம், பரங்கிமலை

முகுந்த் 1983 ஏப்ரல் 12 அன்று கோழிக்கோட்டில் பிறந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் உள்ள ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவில் வணிகவியல் இளநிலைப் பட்டம் பெற்றார். பிறகு தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயப் படிப்பு. அவருடைய தாத்தாவும் உறவினர் சிலரும் ராணுவத்தில் பணியாற்றியவர்கள். அந்தச் சூழலே அவருக்கும் சீருடை மீது விருப்பத்தை வளர்த்தது.

பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி பெற்று, 2006 மார்ச்சில் ராஜ்புத் படைப்பிரிவின் 22ஆவது பட்டாலியனில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். ஐக்கிய நாடுகள் அவையின் அமைதி காக்கும் படையில் லெபனானிலும் பணியாற்றினார். 2012 இறுதியில் 44 ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். உள்நாட்டுத் தீவிரவாதத்தை எதிர்கொள்வதற்கென 1990இல் உருவாக்கப்பட்ட படை ராஷ்ட்ரீய ரைபிள்ஸ். ராணுவத்தின் பல்வேறு பிரிவுகளிலிருந்து வீரர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு இதில் பணியாற்றச் செல்வார்கள்.

ஏனாத்தூர், தாம்பரம், பரங்கிமலை ஆகிய மூன்றையும் வரைபடத்தில் இணைத்துப் பாருங்கள். மூன்றுமே குன்றத்தூரிலிருந்து பேருந்தில் போய் வரும் தொலைவில் உள்ளவை. நம் மாணவரின் அண்ணனோ அக்காவோ இன்று படித்துக்கொண்டிருக்கக்கூடிய இடங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ராஜ்புத் படைப்பிரிவின் வீரர்கள் பெரும்பாலும் வடமாநிலத்தவர். ஓர் இளம் அதிகாரி தன் வீரர்களின் மொழியில் பேசி, அவர்களோடு உண்டு, அவர்கள் குடும்பத்துக் கவலைகளையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது ராணுவ மரபு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளிலும் அமர்ந்திருக்கிறார்கள். மொழி வேறான ஒருவரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்ற கேள்வி அவர்களுக்கும் நமக்கும் அன்றாடக் கேள்வி.

காஸிபத்ரியில் நடந்தது

2014 ஏப்ரல் 25. சோபியான் மாவட்டம் காஸிபத்ரி கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருப்பதாகப் பிற்பகலில் தகவல் வந்தது. முகுந்த் தன் குழுவுடன் விரைந்து சென்றார். ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி அது. வீட்டைச் சுற்றி வளைத்தபோது உள்ளிருந்து கடுமையான துப்பாக்கிச் சூடு தொடங்கியது.

முகுந்தும் சிப்பாய் விக்ரம் சிங்கும் தவழ்ந்து முன்னேறினர். கையெறி குண்டு வீசியும் சுட்டும் தீவிரவாதிகளை ஒவ்வொருவராக எதிர்கொண்டனர். அந்த மோதலில் விக்ரம் சிங் உயிரிழந்தார். முகுந்தின் உடலிலும் குண்டுகள் பாய்ந்தன. அப்போதும் அவர் பின்வாங்கவில்லை. ஹிஸ்புல் முஜாகிதீன் அமைப்பின் தளபதி அல்தாப் வானி உட்பட மூன்று தீவிரவாதிகள் கொல்லப்பட்டனர். மோதல் முடிந்த பிறகே முகுந்த் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் உயிர் பிரிந்தது. தன் 31ஆவது பிறந்தநாளைக் கடந்து 13 நாள்களே ஆகியிருந்தன.

சென்னை பெசன்ட் நகரில் முழு ராணுவ மரியாதையுடன் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. 2014 சுதந்திர தினத்தை ஒட்டி அவருக்கு அசோக சக்கரா அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரி 26 அன்று டெல்லி குடியரசு தின விழாவில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து முகுந்தின் மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ் அதைப் பெற்றுக்கொண்டார்.

இந்த நிகழ்வில் மாணவர் கவனிக்க வேண்டியது எத்தனை குண்டுகள் வெடித்தன என்பதை அல்ல. குழுவின் தலைவர் எங்கே இருந்தார் என்பதை. மேஜர் பதவியில் உள்ளவர் தன் வீரர்களை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று கட்டளையிட்டிருக்கலாம். முகுந்த் ஆபத்துக்கு மிக அருகில் தானே சென்றார். அச்சமே இல்லாதவர் என்று அவரைச் சொல்ல வேண்டியதில்லை. அச்சம் எல்லா மனிதருக்கும் உண்டு. தன்னை நம்பி வந்தவர்களுக்குத் தான் பொறுப்பு என்ற உணர்வு அந்த அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. பல ஆண்டுப் பயிற்சி அந்த உணர்வைச் செயலாக்கியது.

ஏன் அசோக சக்கரா?

'போரில் இறந்தவருக்கு ஏன் பரம்வீர் சக்கரா தரவில்லை?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி.

நம் நாட்டின் வீரதீர விருதுகள் இரு வரிசைகளாக அமைந்துள்ளன. எதிரிப் படைக்கு முன்னால் போர்க்களத்தில் காட்டும் துணிவுக்குப் பரம்வீர் சக்கரா, மகாவீர் சக்கரா, வீர் சக்கரா ஆகியவை. எதிரிப் படையுடனான போர் அல்லாத பிற சூழல்களில் காட்டும் துணிவுக்கு அசோக சக்கரா, கீர்த்தி சக்கரா, சௌர்ய சக்கரா ஆகியவை. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை இரண்டாம் வகையில் அடங்கும். அந்த வரிசையில் அசோக சக்கராவே மிக உயர்ந்தது. அமைதிக்காலத்தின் பரம்வீர் சக்கரா என்று மாணவருக்குச் சுருக்கமாகச் சொல்லலாம்.

அசோக சக்கரா வரிசையில் இன்னொரு சிறப்பு உண்டு. சீருடை அணியாத குடிமக்களும் அதைப் பெறலாம். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்த பணிப்பெண் நீர்ஜா பனோட் அந்த விருதைப் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 22. வகுப்பில் முகுந்தையும் நீர்ஜாவையும் அடுத்தடுத்துச் சொன்னால், துணிவு என்பது துப்பாக்கி ஏந்தியவருக்கு மட்டும் உரியதல்ல என்பது சிறுவர்களுக்கும் விளங்கும்.

நம் மாவட்டத்தின் இன்னொரு பெயர்

முகுந்துக்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சிபுரம் பகுதி மற்றொரு வீரரைத் தந்திருக்கிறது. அவர் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் பணியாற்றியவர். பாலம் கட்டுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடிகளை அகற்றுவது ஆகியவை இந்தப் படையின் வேலை. இத்தாலியின் மிக்னானோ பகுதியில் 1944 பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடி அகற்றும் பணியின்போது, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தன் உடலைக் கிடத்தி உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அதுவும் எதிரியுடன் நேருக்கு நேர் மோதாத சூழலில் காட்டிய துணிவுக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதே.

முகுந்தின் பெயரைத் திரைப்படம் எங்கும் கொண்டு சேர்த்துவிட்டது. சுப்பிரமணியனின் பெயரை அவர் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

*திரைப்படமும் பதிவும்.* ஒரு வாழ்க்கையை மூன்று மணி நேரத்தில் சொல்லும் திரைப்படம் சிலவற்றைச் சேர்க்கும், சிலவற்றை விடும். அது தவறல்ல, கலையின் இயல்பு. ஆனால் அதுவே வரலாறு ஆகிவிடாது. விருது பெற்ற ஒவ்வொருவரின் செயலையும் விவரிக்கும் அதிகாரப்பூர்வச் சான்றுரை உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரதீர விருதுகள் இணையதளத்தில் விருதாளர் விவரங்கள் கிடைக்கின்றன. 9ஆம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவரை இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம். 'படத்தில் பார்த்தது', 'பதிவில் உள்ளது', 'இரண்டிலும் உள்ளது' என மூன்று பத்திகளில் எழுதவைத்தால் சான்றுகளைச் சோதிக்கும் பழக்கம் தானாக வரும்.

*வெறுப்புக்கு இடமில்லை.* இந்தப் பாடம் நடக்கும்போது ஒரு மதத்தையோ ஒரு மாநிலத்து மக்களையோ குறை சொல்லும் பேச்சு வகுப்பில் எழலாம். அதை அப்போதே திருத்த வேண்டும். முகுந்த் எதிர்த்தது ஆயுதம் ஏந்தியவர்களை. சோபியான் மக்களில் பலர் மிரட்டலை மீறி வாக்களிக்கச் சென்றார்கள். அங்கே தேர்தல் பணியில் இருந்தவர்கள் நம்மைப் போன்ற அரசு ஊழியர்கள். ராணுவ வீரரின் கடமை பொதுமக்களைக் காப்பது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாடம் தடம் மாறாது.

*தொடக்க வகுப்புகளில்.* சிறு குழந்தைகளிடம் இரத்தமும் காயமும் பற்றிய விவரங்கள் தேவையில்லை. 'ஆபத்து வந்தபோது யார் முதலில் போனார்? ஏன்?' என்ற இரண்டு கேள்விகள் போதும். கீழே விழுந்த தோழனைத் தூக்கிவிடுவது, மற்றவர் கேலி செய்யும்போது ஒருவனுக்காகப் பேசுவது என அவர்கள் உலகத்திலேயே துணிவுக்கு எடுத்துக்காட்டுகள் கிடைக்கும்.

*வழிகாட்டுதல்.* முகுந்த் படித்தது வணிகவியல். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு வழியாகப் பரங்கிமலை அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வுக்குப் பின் பல நாள் நடக்கும் நேர்காணல் தேர்வில் தலைமைப் பண்பு சோதிக்கப்படும். பயிற்சிக் காலம் 49 வாரங்கள். 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். தேசிய மாணவர் படையில் 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்குத் தனி வாய்ப்பும் உண்டு. 'ராணுவம் என்றால் எல்லையில் நிற்பது மட்டும்தான், அதிகாரி ஆவது நமக்கில்லை' என்று நினைக்கும் கிராமத்து மாணவரிடமும் மாணவியிடமும் இந்த விவரங்கள் சென்றுசேர வேண்டும்.

*எழுத்துப் பணி.* பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் இணைந்து 2021 முதல் நடத்திவரும் 'வீர் காதா' திட்டத்தில் 3 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள மாணவர்கள் வீரதீர விருதாளர்களைப் பற்றிக் கட்டுரை, கவிதை, ஓவியம் எனப் பங்களிக்கலாம். கைப்பேசியில் கிடைத்ததை அப்படியே எடுத்தெழுதுவதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. ஊரில் உள்ள முன்னாள் ராணுவ வீரர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, மாணவர்களே கேள்விகள் தயாரித்து உரையாடட்டும். குளிர், உணவு, வீட்டு நினைவு, அச்சம் பற்றி அவர் சொல்வது எந்த இணையப் பக்கத்திலும் இருக்காது. அதன்பின் எழுதும் கட்டுரை மாணவரின் சொந்தக் கட்டுரையாக இருக்கும்.

அடியார்களின் வரலாறுகளை ஊர் பெயரோடும் செயலோடும் தொகுத்துத் தந்த சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். ஒருவர் எந்த ஊரில் பிறந்தார், எப்படி வாழ்ந்தார், இக்கட்டான நேரத்தில் என்ன செய்தார் என்று பதிவு செய்வது இந்த மண்ணுக்குப் பழைய வழக்கம். நம் மாணவர்கள் எழுதும் இரண்டு பக்கக் கட்டுரையும் அந்த வழக்கத்தைச் சேர்ந்ததே. அடுத்த தேர்தலில் அவர்களில் பலர் முதல்முறை வாக்காளராக வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசை அமைதியாக நகர்வதற்கு எங்கோ சிலர் விழித்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் அப்போது நினைத்துக்கொண்டால், பாடம் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டது.