விளையாட்டும் சமூகவியல் ஆராய்ச்சியும்

ஒரு கருமத்தைப் பொருட்படுத்தாது செய்தவனை, "விளையாட்டாகச் செய்தான்" என்கின்றோம். ஆயினும், தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டினையும் ஒன்றாக வைத்து எண்ணினார். மக்கள் உள்ளத்தை இத்துணை ஈர்ப்பதொன்று கற்றோர் ஆராய்ச்சிக்கு ஏற்ற பொருளாகாதோ? இவ்வினாவுக்கு விடையாய் அமைந்த இரு முயற்சிகளை ஈண்டு நோக்குவாம்.

இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் எரிக் டனிங் என்னும் மாணவர், சமூகவியலறிஞர் நோபேட் இலியாஸின் வழிகாட்டலில், உதைபந்தாட்டத்தின் வளர்ச்சியைத் தம் முதுகலைமாணிப் பட்டத்துக்குரிய பொருளாகக் கொண்டார். அவ்வாய்வு 1961 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இது பல்கலைக்கழகத்துக்குத் தக்க பொருள்தானோ என்னும் ஐயம் தொடக்கத்தில் அவ்விருவருக்குமே இருந்தது.

ஆராய்ந்தவிடத்துக் கிடைத்த பயனோ பெரிது. இடைக்கால இங்கிலாந்தில் ஊரோடு ஊர் பொருதிய பந்தாட்டத்துக்கு ஆட்டக்காரர் தொகையுமில்லை, எழுதிய விதியுமில்லை. கைகால் முறிதல் சாதாரணம். 1314 இல் இலண்டனில் அரசன் பெயரால் அது தடுக்கப்பட்டது. பின்னரும் பல முறை தடைகள் பிறந்தன, ஆட்டமோ ஒழியவில்லை. 1845 இல் றக்பிப் பாடசாலை மாணவர் தம் ஆட்ட விதிகளை எழுத்தில் அமைத்தனர். 1863 இல் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியபொழுது, எதிராளியின் காலில் உதைத்தல் தகுமோ என்பது பெரும் வாதமாயிற்று. தகாதெனச் சங்கம் விலக்க, அதனை ஏலாத பிளாக்ஹீத் கழகம் பிரிந்து சென்றது. அரசாணையால் ஆகாதது ஆடுவோர் தாமே வகுத்த விதியால் ஆயிற்று. பூசலைப் படையால் தீர்த்த மேன்மக்கள் பாராளுமன்றத்திற் சொல்லால் தீர்க்கப் பழகியதும், ஆட்டத்தில் வன்முறை அடங்கியதும் ஒரே மாற்றத்தின் இரு கூறுகள் என்பது இலியாஸின் கருத்து.

மற்றையது, திரினிடாட்டைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் கிரிக்கெற்றைப் பற்றி 1963 இல் வெளியிட்ட 'எல்லைக்கு அப்பால்' என்னும் பொருளுடைய ஆங்கில நூல். அவருடைய இளமையில் அத்தீவின் கழகங்கள் நிறத்தாலும் செல்வத்தாலும் பிரிந்திருந்தன. வெள்ளையரான செல்வர்க்குக் குவீன்ஸ் பார்க், மாநிறமுடைய நடுத்தர வகுப்பினர்க்கு மேப்பிள், கறுப்பின நடுத்தர வகுப்பினர்க்கு ஷனன், ஏழைகளுக்கு ஸ்ரிங்கோ. கருநிறத்தவரான ஜேம்ஸ் ஷனனை விடுத்து மேப்பிளிற் சேர்ந்தார். அதனால் தம் மக்களினின்று விலகித் தமது அரசியலறிவு பல ஆண்டுகள் பின்தங்கியதெனப் பிற்காலத்தில் எண்ணி வருந்தினார். கறுப்பினத்தவரான பிராங்க் வொறெல், மேற்கிந்திய அணிக்கு ஒரு தொடர் முழுவதும் தலைவராதல் வேண்டுமெனத் தமது பத்திரிகையில் அவர் வாதாடினார். 1960–61 அவுஸ்திரேலியப் பயணத்தில் அது நிறைவேறியது.

இவ்விரண்டாலும் அறியக்கிடப்பது யாது? வெற்றி தோல்விகளை எண்ணுதல் மட்டும் ஆராய்ச்சியாகாது. விதியை வகுத்தவர் யாவர், அதனால் நன்மையடைந்தவர் யாவர், ஆடுகளத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யாவர் என வினவுதல் வேண்டும். அதற்குப் பழைய விதிநூல்களும், கழகக் குறிப்பேடுகளும், ஆடினோர் நினைவுகளும் சான்றாகும். ஆண்டு மலர்களின் கடைசிப் பக்கங்களில் நாம் மேலோட்டமாய்ப் பார்த்துவிடும் விளையாட்டறிக்கைகளும் அவ்வாறே. பட்டப்பின் ஆராய்ச்சியை நாடும் மாணவர் அவற்றில் உள்ள பெயர்களை மாத்திரமன்றி, இல்லாத பெயர்களையும் தேடுவாராக.