டிவியின் தரம் கறுப்பில் தெரியும்

ஒரு டிவியின் படம் எப்படிப்பட்டது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் கறுப்பு. வண்ணம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சரி, இரவுக் காட்சியில் இருட்டாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்துத் தெரிந்தால் மொத்தப் படமும் வெளிறிவிடும். முகத்தின் மேடு பள்ளம் மறைந்து, ஆளைச் சுவரில் ஒட்டவைத்தது போலாகிவிடும். ஒரு திரை காட்டக்கூடிய உச்ச வெள்ளைக்கும் அதன் அடர் கறுப்புக்கும் உள்ள விகிதம்தான் கான்ட்ராஸ்ட். விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லும் பிக்சல் கணக்கைவிடக் கண்ணுக்கு முக்கியமானது இந்த விகிதமே. இன்று கடையில் உள்ள டிவி வகைகளைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: இந்தத் திரை கறுப்பை எப்படி உண்டாக்குகிறது?

பழைய பிக்சர் டியூப் டிவியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எலெக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் பாஸ்பர் ஒளிர்ந்தது, படாத இடம் இருட்டாகவே கிடந்தது. 2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும் இந்த வகைதான். அடுத்து வந்த பிளாஸ்மாவிலும் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்ததால் கறுப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் மின்சாரத்தை அதிகம் குடித்தது, எடையும் கூடுதல். பேனசோனிக் 2013-இலும், சாம்சங்கும் எல்ஜியும் 2014-இலும் அதன் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன.

இன்று விற்கும் பெரும்பாலான டிவிகள் எல்சிடி இனத்தைச் சேர்ந்தவை. திரவப் படிகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதை பேக்லைட் என்பார்கள். ஒவ்வொரு பிக்சலும் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் உள்ள ஒரு சின்னக் கதவு. கறுப்பு வேண்டும் என்றால் கதவைச் சாத்த வேண்டும். ஆனால் எந்தக் கதவும் முழுக்கச் சாத்துவதில்லை, இடுக்கு வழியே வெளிச்சம் கசிகிறது. அந்தக் கசிவுதான் இரவுக் காட்சியில் தெரியும் சாம்பல். முன்பு பின்விளக்காக மெல்லிய டியூப்லைட்டுகள் இருந்தன. அந்த இடத்துக்கு எல்இடி வந்ததும் ‘எல்இடி டிவி’ என்று பெயர் மாறியது, முன்னால் இருந்த கதவுகள் மாறவில்லை.

‘கியூஎல்இடி’ என்ற பெயர் இன்னும் அதிகம் குழப்புகிறது. இதுவும் எல்சிடிதான். நீல எல்இடி பின்விளக்குக்கு முன்னால் குவாண்டம் டாட் எனப்படும் நுண்துகள்கள் கொண்ட ஒரு படலத்தை வைக்கிறார்கள். அவை நீல ஒளியின் ஒரு பகுதியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருவதால் வண்ணங்கள் செறிவாகின்றன. அடிப்படை அறிவியல் மிகச் சிறந்தது. இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தப் படலம் கூட்டுவது வண்ணத்தை மட்டுமே, கறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஓஎல்இடி என்ற பெயருக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்சிடிக்குள்ளேயே இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. விஏ பேனலில் கதவு இறுக்கமாகச் சாத்தும், கான்ட்ராஸ்ட் 3,000-க்கு 1 என்ற அளவிலும் அதற்கு மேலும் போகும். ஐபிஎஸ் பேனலில் அது ஏறத்தாழ 1,000-க்கு 1 தான். ஆனால் விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் வெளிறும், ஐபிஎஸ் அந்த அளவுக்கு மாறாது. நம் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. சோபாவில் இரண்டு பேர், சுவரோரமாகப் பாயில் ஒருவர், சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் என்று பார்க்கும் கூடத்தில், நேர் எதிரே இருப்பவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும் டிவி பாதிப் பேருக்குப் பயன்படாது. பேனல் எந்த வகை என்பதைப் பெட்டியில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. கடையில் நான்கு அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்ப்பதே அதைக் கண்டுபிடிக்கும் வழி.

கசிவைக் குறைக்க எல்சிடிக்காரர்கள் கண்ட உபாயம், இருட்டான பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கையே மங்கவைப்பது. இதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். திரையின் ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மெலிந்த டிவிகளில் இது பெயரளவுக்குத்தான் நடக்கும். பின்புறம் முழுவதும் விளக்குகளைப் பரப்பி, அவற்றை மண்டலங்களாகப் பிரித்துத் தனித்தனியே கட்டுப்படுத்தும் டிவிகளில் பலன் நன்றாகத் தெரியும். விளக்குகளை மிகச் சிறிதாக்கி ஆயிரக்கணக்கில் அடுக்குவது மினி எல்இடி. 2019 முதல் இது டிவிகளில் வரத் தொடங்கியது. மண்டலங்கள் எத்தனை என்று கேட்பது மிக நியாயமான கேள்வி, சில நூறு மண்டலங்களுக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கும் படத்தில் வேறுபாடு உண்டு. எத்தனை இருந்தாலும் ஒரு மண்டலத்துக்குள் ஏராளமான பிக்சல்கள் அடங்கியிருக்கும். அதனால்தான் கறுப்பு வானத்தில் நிலா தெரியும்போது அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் கட்டுகிறது. இருண்ட காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வரும்போதும் எழுத்தைச் சுற்றி இதே மங்கல் தெரியும். மினி எல்இடி டிவியைச் சோதிக்க இதைவிடக் கறாரான காட்சி இல்லை.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் கரிமச் சேர்மங்கள் ஒளிரும், நிறுத்தினால் அணையும். கறுப்பு வேண்டிய பிக்சல் அணைந்துவிடுவதால் அது முழுக் கறுப்பு. நிலாவைச் சுற்றி வளையம் வராது. இதற்கு வித்திட்டது கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு. 2007-இல் சோனி 11 அங்குலத்தில் முதல் ஓஎல்இடி டிவியை விற்றது, 2013-இல் எல்ஜி 55 அங்குலத்துக்குக் கொண்டுவந்தது. 2022-இல் நீல ஓஎல்இடியோடு குவாண்டம் டாட்டைச் சேர்த்த கியூடி-ஓஎல்இடி வந்தது. அதன் வண்ணங்கள் அபாரமானவை. ஆனால் வெளிச்சமான அறையில் அதன் கறுப்பில் லேசான ஊதாச் சாயல் தட்டும்.

ஓஎல்இடிக்குக் குறைகள் இரண்டு. திரை முழுவதும் வெள்ளையாக வரும் காட்சியில் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த அது தானாகவே மங்கிக்கொள்ளும், பகல் வெளிச்சத்தில் இது உறுத்தலாம். இரண்டாவது, அதிகம் ஒளிரும் பிக்சல் சீக்கிரம் தேயும். செய்தி சேனலின் லோகோவும் அடியில் ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருந்தால் அதன் தடம் நிரந்தரமாகப் பதியக்கூடும். காலை காப்பியிலிருந்து இரவு வரை செய்தி சேனல் ஓடும் வீட்டுக்கு நல்ல மினி எல்இடியே பொருத்தம். விளக்கை அணைத்துவிட்டு இரவில் சினிமா பார்க்கும் வீட்டுக்கு ஓஎல்இடிக்கு நிகர் இன்னும் வரவில்லை.

பிக்சல் எண்ணிக்கைக்கு வந்தால், கணக்கு எளிது. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். அதில் 1,920 பிக்சல் கொண்ட ஃபுல் எச்டி படத்தின் புள்ளிகள் சுமார் 2.2 மீட்டர், அதாவது ஏழு அடிக்கு அப்பால் தனித்தனியே தெரியாது. பத்தடி தள்ளி அமர்பவருக்கு 4கே தரும் கூடுதல் துல்லியம் கண்ணில் படுவதே அரிது. பெரிய டிவிகள் எல்லாம் 4கே-யாகவே வருவதால் தேர்வுக்கும் அதிக இடமில்லை. சாதாரண எஸ்டி சேனல்கள் 576 வரிகளில்தான் வருகின்றன, அதை 2,160 வரிகளுக்கு டிவி இழுத்து நிரப்புகிறது. அந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதே கேபிள் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது. கடையில் எஸ்டி சேனல் ஒன்றை வைத்துக் காட்டச் சொல்லலாம்.

எச்டிஆர் என்ற சொல் இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட்ஸ். எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் உச்சத்தை மனத்தில் வைத்துத் தயாராகின்றன. மலிவான டிவிகள் பல 300 நிட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். அவை எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அதைக் காட்டும் வலு அவற்றுக்கு இல்லை. ஆகவே உச்ச வெளிச்சம் எவ்வளவு, லோக்கல் டிம்மிங் உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காத டிவியில் எச்டிஆர் முத்திரையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அசைவிலும் இப்படித்தான். பேனல் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறதா, 120 முறையா என்பதே உண்மையான கேள்வி. ‘மோஷன் 240’ போன்ற பெயர்கள் மென்பொருள் வேலையையும் சேர்த்துச் சொல்பவை.

இவ்வளவும் தெரிந்து ஷோரூமுக்குப் போனாலும், படத்தை எடைபோட அதைவிட மோசமான இடம் வேறில்லை. கூரை முழுக்க வெள்ளை விளக்கு, அந்த வெளிச்சத்தில் எல்லா டிவியின் கறுப்பும் ஒன்று போலத்தான் தெரியும். பக்கத்து டிவியைவிடப் பளபளக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றும் ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ மோடில் ஓடும். காட்டும் படங்களோ மெல்ல விரியும் பூக்கள், சொட்டும் தேன், நகரத்தின் இரவு விளக்குகள் என்று நிறுவனமே பார்த்துப் பார்த்துத் தயாரித்தவை. வேகமான அசைவோ மங்கலான முகமோ அதில் வராது. முதல் வேலையாக ரிமோட்டை வாங்கி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். படம் சட்டென்று மஞ்சளித்துத் தெரியும். அது கோளாறு அல்ல, சினிமாக்காரர்கள் வண்ணம் பார்க்கும் திரையின் வெள்ளை அந்த மாதிரிதான் இருக்கும்.

சோதனைக்கு ஒரு பென்டிரைவில் சொந்தப் படங்களை எடுத்துச் செல்வது நல்லது. முதலில் சினிமாஸ்கோப் படம் ஒன்று. 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’ தொடங்கி தமிழுக்குப் பழகிவிட்ட இந்த அகலம் டிவியின் 16:9 சட்டத்தைவிட நீளமானது. அதனால் மேலும் கீழுமாகத் திரையின் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கறுப்புப் பட்டைகளுக்கே போகிறது. அந்தப் பட்டையையும் டிவியின் கறுப்பு பிளாஸ்டிக் ஓரத்தையும் அருகருகே பார்க்க வேண்டும். பக்கத்து விளக்கை அணைக்கச் சொல்லி, கையைக் குவித்து வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பட்டை ஓரத்தோடு கலந்து மறைந்தால் கறுப்பு நல்ல கறுப்பு. சாம்பலாகப் பிரிந்து தெரிந்தால் வீட்டில் ஒவ்வொரு இரவும் அப்படித்தான் தெரியும்.

அடுத்தது, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு கல்யாண வீட்டு வீடியோ. அரக்குப் பட்டுச் சேலையை விவிட் மோட் குங்குமச் சிவப்பாக்கிவிடும், மடிப்புகளின் நிழல் சிவப்பிலேயே மூழ்கிப் போகும். நல்ல டிவி, சரியான மோடில், அரக்கை அரக்காகக் காட்டும். ஜரிகை மின்னும் இடத்தில் ஒவ்வோர் இழையும் தெரியும், வெறும் வெள்ளைத் திட்டாக நிற்காது. மாநிற முகம் ஆரஞ்சாகவோ செங்கல் நிறமாகவோ மாறுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மூன்றாவது, அந்தி வானம். அடிவானத்திலிருந்து மேலே நிறம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். படிப்படியாகக் கோடு கட்டினால் வண்ண ஆழம் போதவில்லை என்று பொருள். 8-பிட் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10-பிட்டில் 1,024.

கடைசியாக ஒரு கிரிக்கெட் காட்சி. பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது கேமரா பச்சை மைதானத்தின் மேல் வேகமாகத் திரும்பும். அப்போது புல்வெளியில் கறைபோல ஒரே இடத்தில் நிற்கும் மங்கல் திட்டுகள் தெரிந்தால், பின்விளக்கோ பேனலோ சீராக இல்லை. இந்தக் குறை ஒரே மாடலில் பெட்டிக்குப் பெட்டி மாறும். கடையில் பார்த்த பீஸில் இல்லாதது வீட்டுக்கு வரும் பீஸில் இருக்கலாம். அதனால் டிவி வந்து மாட்டிய அன்று இரவே எல்லா விளக்கையும் அணைத்து, முழுக் கறுப்புப் படம் ஒன்றையும் முழுச் சாம்பல் படம் ஒன்றையும் பென்டிரைவிலிருந்து போட்டு நான்கு மூலையையும் நடுவையும் பார்த்துவிட வேண்டும். மாற்றித் தரும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் பரணிலேயே இருக்கட்டும்.