வீடு தேடி வரும் தோழமை

உடல் வளர்ச்சியிலோ பேச்சிலோ கற்றலிலோ நடத்தையிலோ பிற குழந்தைகளைவிடக் கூடுதலான உதவி வேண்டியிருக்கும் ஒரு குழந்தையைச் சுற்றி மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் எனப் பலர் திரள்கிறார்கள். அவர்கள் குழந்தையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு அளவில்லை என்றாலும், அக்குழந்தையை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் தாயும் தந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதற்கென்றே ஒருவர் வருவது அரிது. இந்தக் குறையை உணர்ந்து பிரித்தானியாவில் வளர்ந்ததே குடும்பத் தோழமைப் பணி. ஊதியம் பெறாத ஒருவர், முறையான தேர்வுக்கும் ஆயத்தப் பயிற்சிக்கும் பின்னர், ஒரு குடும்பத்தைக் குறித்த நாளில் குறித்த நேரத்தில் சென்று பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, சிறிது நேரம் கூட இருந்துவிட்டு வருவதே அதன் சாரம்.

‘கூடுதல் தேவைகள்’ என்ற சொல்லாட்சிக்கே ஒரு வரலாறு உண்டு. குழந்தைகளைக் குறைபாட்டின் பெயரால் வகை பிரித்துத் தனித்தனிப் பள்ளிகளுக்கு அனுப்பும் வழக்கத்தை, பிரித்தானியாவில் மேரி வார்னாக் தலைமையிலான அரசுக் குழு 1978-இல் அளித்த அறிக்கை கேள்விக்கு உள்ளாக்கியது. ஐந்து குழந்தைகளில் ஒருவருக்குப் பள்ளிப் பருவத்தின் ஏதேனும் ஒரு கட்டத்தில் தனி உதவி வேண்டியிருக்கலாம் என்று கூறிய அக்குழு, குழந்தையிடம் என்ன குறை என்பதைவிட அதற்கு என்ன தேவை என்பதையே கேட்கச் சொன்னது. அதன் வழியில் இங்கிலாந்தில் 1981-இன் கல்விச் சட்டமும், பின்னர் ஸ்காட்லாந்தில் 2004-இலும் வேல்ஸில் 2018-இலும் தனித்தனிச் சட்டங்களும் வந்தன. பழைய பட்டப் பெயர்கள் பொதுப் பேச்சிலிருந்து விலகத் தொடங்கியதில் இச்சட்டங்களுக்கும் பங்கு உண்டு.

தோழமை என்பதை ஒரு பணியாகவே வகுக்கலாம் என்ற எண்ணம் இதற்கு முன்னரே, வேறொரு துறையில் தோன்றிவிட்டது. 1953-இல் லண்டனின் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் மதகுரு, தற்கொலை எண்ணத்தால் அலைக்கழிக்கப்படுவோருக்கு ஆலோசனை வழங்கத் தொடங்கினார். அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் அமர்த்தப்பட்டார்கள். வந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, மதகுருவைப் பார்க்காமலேயே ஆறுதலோடு திரும்பியதை வாரா கவனித்தார். அடுத்த ஆண்டே பணியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். இப்படி உருவான சமாரிட்டன்ஸ் அமைப்பின் அடித்தளமான இந்தக் கண்டறிதல், அறிவுரை சொல்லத் தெரியாதவர் என்று கருதப்பட்ட சாதாரண மனிதர் அமைதியாகக் கேட்பதனாலேயே பயன் தருகிறார் என்பதை காட்டியது.

அதே எண்ணத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவர் மார்கரெட் ஹாரிசன். 1973-இல் லெஸ்டர் நகரில் அவர் தொடங்கிய ஹோம்-ஸ்டார்ட், இளங்குழந்தைகள் உள்ள, ஏதோ ஒரு காரணத்தால் திணறும் குடும்பங்களுக்கு, குழந்தை வளர்ப்பில் அனுபவமுள்ள ஒருவரை வாரத்தில் சில மணி நேரம் அனுப்பி வைக்கிறது. கூடுதல் தேவையுள்ள குழந்தையை வளர்க்கும் குடும்பங்களும் அவற்றில் அடங்கும். இதற்கு இணையாக இன்னொரு மரபும் உண்டு. அதில் தோழமை தருபவர் தாமும் அத்தகைய குழந்தையின் பெற்றோராகவே இருப்பார். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 1971-இல் தொடங்கிய ‘வழிகாட்டும் பெற்றோர்’ திட்டம் இதற்கு முன்னோடி. பிரித்தானியாவில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் மூவரும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து 1952-இல் நிறுவி, 1994-இல் ஸ்கோப் என்று பெயர் மாற்றம் பெற்ற அமைப்பு, ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ என்ற பெயரில் இம்முறையை நடத்தியது. நோயின் பெயரை மருத்துவரிடமிருந்து முதன்முதலாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய நாளின் கனத்தை, அதைச் சுமந்த இன்னொருவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்பதே இம்முறையின் வலிமை. அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய துணையைப் பெற்ற பெற்றோரில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அது தமக்கு உதவியாக இருந்ததாகக் கூறினர்.

நட்பு என்ற பெயர் இருந்தாலும், இது கட்டுப்பாடில்லாத உறவு அன்று. 2002-இல் சோஹாம் நகரில் பள்ளிப் பராமரிப்பாளர் ஒருவர் இரு சிறுமிகளைக் கொன்ற கொடுமைக்குப் பின், குழந்தைகளோடு பழகும் பணிகளுக்கு வருவோரின் பின்னணியை ஆராயும் முறை கடுமையாக்கப்பட்டது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிபிஎஸ் எனப்படும் அரசு அமைப்பு குற்றப் பதிவுகளைச் சரிபார்த்துச் சான்று தருகிறது. தன்னார்வலருக்கு அச்சான்றுக்கான அரசுக் கட்டணம் கிடையாது. அதன்பின் பயிற்சி, அதன்பின் ஒருங்கிணைப்பாளர் குடும்பத்தின் இயல்பையும் தன்னார்வலரின் இயல்பையும் பொருத்திப் பார்த்து இருவரையும் அறிமுகப்படுத்துதல், தொடர்ந்து அவ்வப்போது தன்னார்வலரோடு கலந்து பேசுதல் எனப் பணி நகர்கிறது. வீட்டில் கேட்டது வெளியே போகக் கூடாது. குழந்தைக்கோ பிறர்க்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியாக வேண்டும், இந்த விதிவிலக்கும் முதல் நாளிலேயே குடும்பத்துக்குத் தெரிவிக்கப்படுகிறது. மருந்து கொடுப்பதும் பணம் கடன் கொடுப்பதும் தன்னார்வலரின் வேலை அல்ல.

அவருடைய வேலை பார்வைக்குச் சிறியது. தாய் துணி மடிக்கும்போது அருகில் உட்கார்ந்து பேசுவது, பெற்றோரின் கவனம் குறைந்துபோன அண்ணனோடு அல்லது தங்கையோடு விளையாடுவது, மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் துணைக்குப் போவது, உதவித்தொகைக்கான நீண்ட படிவத்தின் முன் மலைத்து உட்கார்ந்திருப்பவருக்கு அருகில் இருப்பது ஆகியவையே அந்த வேலை. ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது பேசாமல் இருப்பது. “என் தங்கை மகனும் இப்படித்தான் இருந்தான், நாலு வயதில் பேசிவிட்டான்” என்ற ஆறுதல் மொழி, சொல்பவருக்கு இதமாகவும் கேட்பவருக்குப் பாரமாகவும் இருக்கிறது. அதைக் கேட்ட தாய் அடுத்த முறை தன் அச்சத்தைச் சொல்லாமல் மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். நல்ல பயிற்சி இந்த நாவடக்கத்தையே முதலில் கற்பிக்க வேண்டும்.

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பணியின் தேவை இரு மடங்காகிறது. ஆட்டிசத்துக்கு மதியிறுக்கம் என்ற தமிழ்ச் சொல் இருந்தும் வீட்டுப் பேச்சில் அது பெரிதும் புழங்காததால், மருத்துவர் சொன்னதை ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தொலைபேசியில் விளக்குவதே ஒரு போராட்டமாகிறது. மொழிபெயர்ப்பாளர் சொற்களை மாற்றித் தருவார். ஆனால் மூத்த பெண்ணின் கல்யாணப் பேச்சுக்கு இது தடையாகுமோ என்ற பயத்தையும், எந்தக் கோயிலுக்கு நேர்ந்தீர்கள் என்று கேட்கும் உறவினரால் உண்டாகும் வலியையும் சொல்ல, தமிழ் பேசும் ஒரு தோழமை வேண்டும். அங்கே தன்னார்வலர் இரண்டாம் வாரமே ‘அக்கா’ அல்லது ‘அன்ரி’ ஆகிவிடுகிறார். சாப்பிடாமல் எழுந்தால் மனம் நோகும், சாப்பிட்டு எழுந்தால் உறவின் உரிமை கூடிவிடும். தமிழ்ச் சூழலுக்கான பயிற்சியில் இந்த உறவுமுறையின் இனிமையையும் அது கொண்டுவரும் கடப்பாட்டையும் தனியே பேசியாக வேண்டும்.

தோழமை எவ்வளவு இதமானதானாலும், அதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவுவது ஏற்கத்தக்கதன்று. இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுக் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், மாற்றுத்திறனுள்ள குழந்தையைப் பராமரிக்கும் பெற்றோர் தமக்கு என்ன உதவி தேவை என்பதை மதிப்பிடுமாறு உள்ளூராட்சி மன்றத்தைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. குழந்தையின் கல்வி, உடல்நலம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒரே ஆவணத்தில் உறுதி செய்யும் திட்டம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பதும் விதி. கெடு தவறும்போது எங்கே முறையிடலாம் என்று தெரிந்து வைத்திருக்கும் தோழமை, ஆறுதல் மட்டும் சொல்லும் தோழமையைவிட மேலானது.

அதே சட்டத்தின்படி இங்கிலாந்தின் ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் தன் பகுதியில் இக்குடும்பங்களுக்குக் கிடைக்கும் உதவிகளின் பட்டியலை வெளியிட வேண்டும். அங்கு வாழும் தமிழர்களில் வாரத்தில் 2 மணி நேரத்தைத் தவறாமல் ஒதுக்கக்கூடியவர்கள், தங்கள் மன்றத்தின் பட்டியலில் தோழமைத் திட்டம் எது என்று பார்த்து, தமக்குத் தமிழ் பேசத் தெரியும் என்பதையும் விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுவார்களாக.