உலைக்களம் – 9: கஞ்சமலைக் கல்லும் பரங்கிப்பேட்டை உலையும்

அந்த நாளில் சேலத்துச் சந்தையில் இரும்பு வாங்க வரும் கொல்லர், கட்டியைத் தூக்கிப் பார்ப்பதோடு விடமாட்டார். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அதற்காகவே இரும்பு உருக்குபவர்கள் கட்டி சிவக்கச் சிவக்க இருக்கும்போதே கோடரியால் பிளந்து வைத்திருப்பார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டும் வெட்டு அது. இதை எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து, இரும்பின் மேல் வந்த ஆசையில் வேலையை விட்டவர்.

போன வாரம் கிராமத்துப் பட்டறையைப் பார்த்தோம். அந்தப் பட்டறைக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? உருக்குபவர் வேறு, அடிப்பவர் வேறு. சேலத்துக் கஞ்சமலைச் சரிவில் சிதறிக்கிடக்கும் காந்தக்கல்லைப் பொறுக்கி, இடித்து, வெண்கல் தூளைப் புடைத்து நீக்கிவிட்டு, இடுப்பு உயரத்தில் இருந்து ஆள் உயரம் வரையிலான களிமண் உலையில் கரியோடு மாற்றி மாற்றிப் போடுவார்கள். இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள், மூங்கில் குழாய். ஒன்று மூச்சு விடும்போது மற்றது மூச்சு வாங்கும், காற்று அறுபடாது. மூன்று நான்கு மணி நேரம் கழித்து உலையின் முன்பக்கத்தை உடைத்துக் கட்டியை இழுத்துப் போடுவார்கள்.

எஃகு செய்வது தனி வேலை. கருக்கிய உமி நிறையச் சேர்த்துப் பிசைந்த மண்ணில் மூசை என்னும் உருக்குக் குடுவை செய்து, அதில் சிறு இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பிடிக்கும். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சி, மேலே ஓரிரண்டு எருக்கிலை, அதன்மேல் மண் பூசி வாயடைப்பு. இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியதும் மூசையை உடைத்தால் அடிப்பாகத்தின் வடிவத்திலேயே எஃகு வில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரும்பை எஃகாக்க நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கரியில் புதைத்துச் சுட வேண்டியிருந்த காலம் அது. இவர்கள் இரண்டரை மணியில் முடிக்கிறார்களே என்று ஹீத் வியந்து எழுதினார். அந்த வியப்பு நியாயமானதுதான். மைக்கேல் ஃபாரடேயும் அதற்கு முன்பே இந்த எஃகை ஆராய்ந்திருந்தார்.

1830இல் ஹீத் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். கம்பெனி கடன் கொடுத்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையும், தரிசு நிலங்களில் விறகு வெட்டும் உரிமையும் கொடுத்தது. சேலத்துக் கல், கடலோர உலை. இரும்பு ஷெஃபீல்டுக்கே ஏற்றுமதியானது. தரத்தில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் ஆலை லாபம் பார்க்கவில்லை.

காரணம் கரி. களிமண் உலையும் கரியைத் தின்னும்; ஆனால் அது சிறியது, கரி கிடைக்கும் பக்கம் பெயர்ந்து போகும். வெட்டிய காடு தழைக்க அவகாசம் கிடைக்கும். பெரிய உலை நின்ற இடத்திலேயே நிற்கும். சுற்றுவட்டாரம் மொட்டையானதும் கரி ஏற்றிய வண்டிகள் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று. இங்கிலாந்திலோ அதற்குள் நிலக்கரியில் உருக்கப் பழகிவிட்டார்கள், காடே தேவையில்லை. 1853இல் ஆலை வேறொரு கம்பெனியின் கைக்கு மாறியது. அதுவும் நிலைக்கவில்லை.

அதற்கு வெகு முன்பே ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1839இல் ஒரு காப்புரிமை வாங்கினார்: உருகிய எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறை. ஷெஃபீல்டில் எஃகின் விலை மளமளவென்று இறங்கியது. உற்பத்தியாளர்கள் அவர் முறையைச் சற்றே மாற்றி, பணம் தராமல் பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1851இல் அவர் இறந்தார். இவருக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்ல நூல்கள் இருக்கின்றன. கஞ்சமலையில் துருத்தி ஊதியவர்களின் பெயர் ஒன்றைக்கூட அவர் எழுதிவைக்கவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அவருக்கு அந்த வேலையைக் காட்டிக்கொடுத்ததே அவர்கள்தானே?

அவர்களின் களிமண் உலைகளை முடித்துவைத்தது பரங்கிப்பேட்டை ஆலை அல்ல. கப்பலில் வந்திறங்கிய சீமை இரும்புப் பாளம் அதைச் செய்தது. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் கரிக்காட்டுக்கும் வேலி போட்டது. உருக்குபவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். அடிப்பவர்கள் மட்டும் தப்பித்தார்கள். கொழுவைத் தட்டிக் கூராக்கவும், அரிவாளுக்குப் பதம் ஏற்றவும் ஊருக்கு ஆள் வேண்டியிருந்தது; அறுப்புக் களத்தில் அவருக்கு உரிய நெல்லும் இருந்தது. ஆனால் அதுவரை சந்தையில் வெட்டுவாயைப் பார்த்து வாங்கியவர், இனி கடைக்காரர் கொடுக்கும் பாளத்தை வாங்க வேண்டியவரானார்.

இன்றைய அரிவாள் பட்டறையில் லாரியிலிருந்து கழற்றிய வில்பட்டைகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கி வருவார்கள். எந்தப் பட்டை பதம் பிடிக்கும், எது அடி தாங்காமல் விரியும் என்பதைச் சம்மட்டி பட்ட ஒலியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டறைகளுக்கு அடுத்த வாரம் போகலாம்.