வேலியும் பயிரும்
பிஜித் தீவுகளின் படைத்தளபதி

"வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி?" என்று நம் பெரியோர் கேட்பார்கள். ஒரு நாட்டுக்கு வேலியாக நிற்பது அதன் படை. அந்தப் படையை நடத்திச் செல்பவர் தளபதி. மிகச் சிறிய நாடொன்றில் இப்பதவி எத்தனை பெரிய பொறுப்பு என்பதை அறிய, பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜித் தீவுகளின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பிஜி முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்டது. மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் குறைவு. 1970 அக்டோபர் 10 அன்று ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. இந்நாட்டோடு நமக்கும் உறவுண்டு. கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1879 முதல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் போன தமிழர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

அந்நாட்டின் படையில் முழுநேர வீரர்கள் சில ஆயிரம் பேரே. ஆயினும் உலக அமைதிக்கு அவர்கள் செய்த தொண்டு பெரிது. 1978 முதல் லெபனானிலும், 1982 முதல் சினாய்ப் பாலைவனத்திலும் பிஜி வீரர்கள் அமைதி காத்தனர். 2014 ஆகஸ்டில் கோலான் குன்றுகளில் 45 பேர் ஆயுதக் குழுவினரிடம் சிக்கி, இரண்டு வாரங்களுக்குப் பின் உயிரோடு மீண்டனர். 2016 பிப்ரவரியில் 'வின்ஸ்டன்' புயல் வீசி 44 உயிர்களைக் குடித்தபோது, நிவாரணப் பணிக்கு விரைந்ததும் இந்தப் படையே.

தளபதியின் கடமை யாது? குடியரசுத் தலைவர் படையின் தலைவர் என்ற சிறப்புப் பெயரைத் தாங்குகிறார். படையை அன்றாடம் நடத்துவது, வீரர்களைச் சேர்ப்பது, ஒழுங்கு தவறியவர்களைத் தண்டிப்பது ஆகியவை தளபதியின் பொறுப்பு. 2013ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாட்டின் பாதுகாப்பை மட்டுமல்லாமல் மக்கள் அனைவரின் நல்வாழ்வையும் காக்கும் பொறுப்பைப் படையிடம் ஒப்படைத்தது. 'நல்வாழ்வு' என்பது இனிய சொல். ஆனால் மக்களுக்கு எது நல்வாழ்வு என்று தீர்மானிப்பவர் யார்? வாக்களித்த மக்களா, துப்பாக்கி ஏந்தியவரா? சிக்கல் இங்கேதான் எழுகிறது.

1987 ஏப்ரலில் நடந்த தேர்தலில் டாக்டர் திமோசி பவத்ராவின் கூட்டணி வென்றது. அதை ஆதரித்தவர்களில் இந்திய வம்சாவளியினர் மிகுதி. படையிலோ பெரும்பாலும் பூர்வகுடி பிஜியர்களே இருந்தனர். மே 14 அன்று, படையின் மூன்றாம் நிலை அதிகாரியான சித்திவேனி ரபுகா ஆயுதம் ஏந்திய வீரர்களுடன் பாராளுமன்றத்தினுள் நுழைந்து அமைச்சரவையைச் சிறைப்பிடித்தார். தளபதி அப்போது வெளிநாட்டில் இருந்தார். ரபுகாவே பின்னர் தளபதியானார். பிறந்த மண்ணிலேயே அந்நியரைப்போல உணர்ந்த இந்தியக் குடும்பங்கள் பல, நாட்டை விட்டு வெளியேறின.

2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பெய்ட் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் பிரதமர் மகேந்திர சௌத்ரியை 56 நாட்கள் பிணையாக வைத்திருந்தது. அப்போதைய தளபதி பிராங்க் பைனிமராமா அக்கூட்டத்தை அடக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அவரது படையிலேயே கலகம் மூண்டது. அவர் உயிர் தப்பியதே அரிது. ஆனால் அவரே 2006 டிசம்பர் 5 அன்று, ஊழலை ஒழிப்பதாகக் கூறி, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்தார். அடுத்த தேர்தலுக்கு மக்கள் 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. நோக்கம் நல்லது என்று சொல்லிக்கொண்டாலும், ஒருமுறை தாண்டிய வேலியை அடுத்தவர் தாண்டுவது எளிதாகிவிடுகிறது என்பதை இதிலிருந்து உணர்கிறோம்.

இனி மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. 2022 டிசம்பர் தேர்தலில் வாக்கு எண்ணிக்கை குறித்து ஐயம் எழுந்தது. எதிரணியில் இருந்த ரபுகாவே படை தலையிட வேண்டும் என்று தளபதி ஜோனே கலௌனிவாயைக் கேட்டுக்கொண்டார். தளபதி இணங்கவில்லை. படை அரசியலமைப்பை மதிக்கும் என்றார். எண்ணிக்கை முடிந்தது, கட்சிகள் பேசிக் கூட்டணி அமைத்தன, டிசம்பர் 24 அன்று ரபுகா பிரதமரானார். பதினாறு ஆண்டுகள் ஆட்சி செய்த பைனிமராமா பதவியை விட்டு இறங்கினார். 2023 மே மாதம் நடந்த நல்லிணக்க வழிபாட்டில், 1987இல் தாம் இழைத்த தீங்குக்காக ரபுகா இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்புத் தோழியரே! எதிரியை வென்ற தளபதிகளை வரலாறு போற்றுகிறது. கையில் வலிமை இருந்தும், "இது என் வேலையன்று" என்று ஒதுங்கி நின்றவரை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்த ஒதுக்கத்தால்தான் ஒரு நாட்டின் மக்கள் அளித்த வாக்கு மதிப்புப் பெற்றது. வகுப்புத் தலைவி முதல் நாட்டின் தளபதி வரை, அதிகாரம் பெற்ற எவரும் அதன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். பயிரை மேயாத வேலியாக நிற்பதே அவர்களுக்கு அழகு.